அண்ணியின் நாற்பத்தாறு இஞ்ச்

எங்கள் தையல் கம்பெனியில் அண்ணியின் உடம்புக்கு ஒரு வேலை இருக்கிறது. பெரிய அளவு உடைகளுக்கு முதல் மாதிரி தைத்து முடித்ததும் அதை அண்ணிக்குத்தான் போட்டுப் பார்ப்போம். தோள் எங்கே இறங்குகிறது, கை எங்கே பிடிக்கிறது, பின்பக்கம் எங்கே தூக்குகிறது என்று கட்டிங் மாஸ்டர் சாக்பீஸால் கோடு போடுவார். மாதிரி தைக்கும் டெய்லரான நான் குண்டூசி குத்துவேன். அண்ணிக்குச் சரியாக உட்கார்ந்தால் அந்த அளவுள்ள அத்தனை பெண்களுக்கும் சரியாக உட்காரும் என்பது கணக்கு. ‘ஃபிட்டிங் ஆள்’ என்று அந்த வேலைக்குப் பெயர்.

இப்போதெல்லாம் நாங்கள் மாதிரி தைக்கும் அறைக்குள் அண்ணி நேராக நடந்து வருகிறார். முன்பு பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். அந்தக் கதவு என்ன சின்னக் கதவா? துணி உருளைகளைத் தள்ளுவண்டியோடு உள்ளே கொண்டுபோகிற கதவு. இரண்டு அண்ணிகள் கைகோத்துக்கொண்டு வரலாம். ஆனாலும் இத்தனை வருஷமாகத் திரும்பித் திரும்பி நுழைந்தார். அவர் நேராக வருவதைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. அது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். வந்த முதல் வாரமே எங்கள் அத்தை ஒருத்தி, அண்ணி காதில் விழும்படியே, “இவனுக்கு வேற பொண்ணே கிடைக்கலையா? எந்தக் கடை மளிகைடா இது?” என்று கேட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சிரிப்பை நான் அப்புறம் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அடி விழுவதற்கு முன்பே ‘எனக்கு வலிக்கவில்லை’ என்று சொல்லிவிடும் சிரிப்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அத்தையின் வாய்க்கு மட்டும் அளவெடுத்து ஒரு மூடி செய்யலாமா என்று எனக்கு இன்றைக்கும் ஆசை உண்டு.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு அண்ணி என்றால் உயிர். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, ஹாரன் அடிக்கத்தான் தெரியும். தெருமுனையில் வேன் திரும்பும்போது இரண்டு தடவை அடிப்பான். அண்ணி உள்ளே முகம் கழுவிக்கொள்வார். ஒரு நாள், “நீ நல்லாத்தான் இருக்க, ஊர்ல நாலு பேரு நாலு சொல்லுவான், விடு” என்று சொன்னானாம். அண்ணி என்னிடம், “பாத்தியா, நாலு பேரு சொல்றான்னு உங்கண்ணனே சொல்றாரு” என்றார். நல்லது சொன்னால்கூட அதில் முள்ளைத் தேடி எடுத்துக் காலில் குத்திக்கொள்வார்.

எங்கள் வீட்டில் எடுத்த எந்தப் படத்திலும் அண்ணியின் முழு உருவம் கிடையாது. முன்னால் யாராவது ஒரு பிள்ளையை நிறுத்திக்கொண்டு பின்னால் நிற்பார். பிள்ளை கிடைக்காவிட்டால் ஒரு பை. வாங்குகிற உடை எல்லாம் கறுப்பு அல்லது கருநீலம். மற்றவர்களுடன் உட்கார்ந்தால் கோழி கொறிப்பதுபோலக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார், அப்புறம் பசியில் தலைவலி என்று படுத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘பீரோ’. எனக்குக் ‘குச்சி’. நாங்கள் இரண்டு பேரும் தெருவில் சேர்ந்து நடந்தால் பீரோவும் அதன் சாவியும் போகிற மாதிரி இருக்கும் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உடம்பைக் கொஞ்சம் நிரப்பிக்கொண்டு வெளியே போகிறவள் நான். அண்ணியைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

கம்பெனியில் அண்ணி முதலில் இஸ்திரி பிரிவில்தான் இருந்தார். நாள் முழுக்க நின்று முழங்கால் தேய்ந்தது. அந்தச் சமயம் பெரிய அளவு உடைகளுக்கு ஆர்டர் வந்தது. உடை மாட்டிப் பார்க்க எங்களிடம் இருந்த டம்மி பொம்மைகள் எல்லாம் கொடியிடை. மாஸ்டர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு என்னிடம், “உங்க அண்ணிகிட்ட... நீயே கேட்டுப் பாரும்மா. தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார். நான் கேட்டேன். அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “உக்கார நாற்காலி குடுப்பாங்களா?” என்று கேட்டார். அப்படித்தான் சேர்ந்தார், முழங்காலுக்காக.

மாஸ்டர் மாதிரி மனிதரை நான் பார்த்ததில்லை. முப்பது வருஷமாகப் பெண்களுக்கு அளவெடுக்கிறவர். டேப்பைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். “கையத் தூக்கும்மா. இறக்கிக்கோம்மா. முடிஞ்சது.” அவ்வளவுதான். அவர் எண்ணைச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். அந்த மரியாதைதான் ஒரு நாள் அவருக்கே வினையாக வந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டி, தூக்கி, குளிப்பாட்டும் உதவியாளர் பெண்களுக்குச் சீருடை தைக்கிற ஆர்டர் வந்தது. நீளமான சட்டை, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. மாதிரி உடையை அண்ணிக்குப் போட்டு, முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, பின்னால் ஒன்று என்று படம் எடுத்துப் போவதற்கு ஆஸ்பத்திரியிலிருந்தே ஆள் வருவதாகச் சொன்னார்கள். அந்தப் படங்களைக் கூட்ட அறையில் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்களாம். அதைக் கேட்டதும் அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

படம் எடுக்கிற அன்று காலை வீட்டில் என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டார். கையில் இரண்டு பெல்ட். பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் கட்டிக்கொள்வார்களே, அந்த அகலமான பெல்ட். ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல், இன்னொன்று கடையில் வாங்கியது. “ரெண்டையும் இழுத்துக் கட்டு” என்றார். முதுகில் முழங்காலை ஊன்றி நான் இழுத்தேன். “போதுமா அண்ணி?” “இன்னும் இழு.” “மூச்சு விட முடியுமா?” “படம் எடுக்கற வரைக்கும் எதுக்கு மூச்சு?” எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, சிரித்ததும் பெல்ட் பிய்த்துக்கொண்டது. மறுபடியும் இழுத்துக் கட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு அன்றைக்கு எடுபிடி நான்.

படம் எடுப்பதற்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் மாஸ்டர், “புது ஆர்டர் ஆச்சே, பழைய அளவு வேணாம், ஒரு தடவை எடுத்துடுவோம்” என்று டேப்பை உருவிவிட்டார். வழக்கமாக நாற்பத்தாறு இருக்கும் இடுப்பு. “நாப்பத்திரெண்டு” என்றார். ஒரு கணம் நின்று, “இளைச்சிட்டியாம்மா?” என்று கேட்டார். அண்ணி, “ஆமா மாஸ்டர், காலைல நடக்கறேன்” என்றார்.

அந்த அறையில் இருந்த நாலு பேரும் கை தட்டினார்கள். “என்ன ரகசியம்? எங்களுக்கும் சொல்லுங்க” என்றார்கள். அண்ணியின் முகத்தில் அன்றைக்குப் பார்த்த வெளிச்சத்தை அவருடைய கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அவருடைய உடம்பைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். நான் எப்படி வாயைத் திறப்பேன்? நோட்டில் ‘42’ என்று என் கையாலேயே எழுதினேன். துணியில் கொஞ்சம் லூஸ் விடுவார்களே, சமாளித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெய்லருக்குத் தெரியாதா, நாலு இஞ்சைச் சமாளிக்கிற துணி உலகத்தில் கிடையாது என்று? தெரியும்.

ஆஸ்பத்திரி ஆள் வந்து மூன்று படமும் எடுத்துக்கொண்டு போனார். மாஸ்டர் அந்த நாற்பத்திரண்டை வைத்துப் பேட்டர்ன் அட்டை வெட்டினார். அதிலிருந்துதான் அதற்கு மேலே உள்ள அளவுகளையும் கூட்டிக்கொண்டே போவார்கள். அடியே தப்பினால் மேலே எல்லாம் தப்பு. துணியை அடுக்கி, மெஷின் வைத்து, பெரிய அளவுச் சட்டைகள் மொத்தத்தையும் வெட்டிவிட்டார்கள். முதலில் தைத்து முடித்த இருபது சட்டைகளை ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்க்கக் கொடுத்தோம். மூன்றே நாளில் ஒரு சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். பக்கத் தையல் பிரிந்திருந்தது, பட்டன் தெறித்திருந்தது. ஒரு சட்டையில் பட்டன் இருந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கை நான் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் மாதிரி அறைக்கே கம்பெனி மேனேஜரம்மா வந்துவிட்டார். எப்போதும் கஞ்சி போட்ட சட்டையும் நிமிர்ந்த முதுகுமாக இருக்கிறவர். கோபத்தில்கூடக் குரல் உயராது, அதுதான் பயம். “யாரு அளவெடுத்தது?” என்றார். மாஸ்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அண்ணியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “நான்தாம்மா. கண்ணு மங்கிடுச்சு போல இருக்கு” என்றார். மேனேஜரம்மா, “அப்ப வீட்ல ஓய்வெடுங்க மாஸ்டர். சனிக்கிழமையோட போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தார். டேப் இல்லாத அவர் கழுத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் நானும் அண்ணியும் சேர்ந்து வீடு திரும்பினோம். நிறுத்தத்தில் இறங்கியதும் நான் ஒரு யோசனை சொன்னேன். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“அண்ணி, நான் சொல்லிடறேன். மாஸ்டர் நாப்பத்தாறுன்னு சொன்னாரு, நான்தான் ஆறை ரெண்டுன்னு எழுதிட்டேன்னு சொல்லிடறேன். ரெண்டு திட்டு திட்டுவாங்க. மாஸ்டரும் தப்பிச்சிடுவாரு, பெல்ட்டு விஷயமும் வெளிய வராது.”

அண்ணி நின்றுவிட்டார். மருந்துக்கடை வாசலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், பையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

“நீ திட்டு வாங்கி என் வயித்த மறைக்கப் போறியா?” என்றார்.

“நமக்குள்ளதானே அண்ணி.”

“அன்னிக்கு பெல்ட்டு மறைச்சுது, மாஸ்டர் வேலை போச்சு. நாளைக்கு நீ மறைச்சா உன் பேரு போகும். இந்த வயித்துக்கு இன்னும் எத்தன பேர பலி குடுக்கறது?”

அண்ணி பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, “ஆனா நீ சொன்னியே, அதுவே போதும்டி” என்றார். நான் அழுதுவிட்டேன். எனக்கு எப்பவுமே கண்ணீர் தப்பான நேரத்தில்தான் வரும்.

மறுநாள் காலை மேனேஜரம்மா அறையில் ஐந்து பிரிவுத் தலைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டிய துணியை என்ன செய்வது என்று பேச்சு. அண்ணி கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். பின்னால் நான். கையில் பிளாஸ்டிக் பை. அதிலிருந்து இரண்டு பெல்ட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“மேடம், அன்னிக்கு நான் இத கட்டிக்கிட்டு நின்னேன். ரெண்டையும் ஒண்ணா கட்டினேன். மாஸ்டர் எடுத்தது சரியான அளவுதான், பொய் சொன்னது என் வயிறு. என் இடுப்பு நாப்பத்தாறு. படத்துல அசிங்கமா தெரியுமேன்னு பயந்து கட்டினேன். மாஸ்டர அனுப்பாதீங்க. அனுப்பணும்னா என்னை அனுப்புங்க.”

“கட்டிவிட்டது நான்” என்று நானும் சொன்னேன். குரல் எலிக்குஞ்சு குரலாக வந்தது.

ஒருத்தர் இருமினார். பேக்கிங் பிரிவுக்காரர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார், அவருக்கு என் கண்ணாலேயே ஒரு அறை கொடுத்தேன். அண்ணியின் கழுத்து வேர்த்துப்போயிருந்தது. ஆனால் அந்த ‘எனக்கு வலிக்கவில்லை’ சிரிப்பு முகத்தில் இல்லை. வலிக்கிறது என்று எல்லாரும் பார்க்கும்படி நின்றார்.

மேனேஜரம்மா அந்த ஐந்து ஆண்களையும் பார்த்து, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார். அவர்கள் போனதும் எழுந்து கதவைச் சாத்தினார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்து ஒரு பெல்ட்டை எடுத்து, ஒட்டுப்பட்டையைப் பிரித்துப் பார்த்து, உள்பக்கத்தைத் தடவினார்.

“இது குத்தலையா?” என்று கேட்டார்.

“மேடம்?”

“என்னோடது விலாவுல குத்துது. பத்து வருஷமா.”

நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. அந்த நிமிர்ந்த முதுகின் ரகசியம் இதுதானா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் மேனேஜரம்மா பழையபடி மேனேஜரம்மா ஆகிவிட்டார். “மாஸ்டர்கிட்ட நானே பேசறேன். துணி வீணாகக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து வழி கண்டுபிடிங்க. ஒரு வாரம்” என்றார்.

மாதிரி அறையில் மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் எங்களுக்காகக் காத்திருந்தார். அண்ணி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவர், “வேலை கெடக்கும்மா. கையத் தூக்கு” என்றார். நாற்பத்தாறு. நான் எழுதினேன்.

அந்த ஒரு வாரத்தை நான் மறக்க மாட்டேன். வெட்டிய சட்டையின் இரண்டு பக்கமும், அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும், மீதமிருந்த சாம்பல் நிறத் துணியில் பட்டை வைப்பது என்று மாஸ்டர் சொன்னார். அப்போதுதான் அண்ணி, “நின்னு பாத்து என்ன மாஸ்டர் பிரயோஜனம்? அவங்க நிக்கறவங்களா? ஆளத் தூக்கறவங்க” என்றார். மேசையைக் கட்டிலாக்கி என்னைப் படுக்க வைத்தார். நான்தான் நோயாளி. சட்டையைப் போட்டுக்கொண்டு என்னை ஒருக்களித்துப் புரட்டினார், முதுகுக்கடியில் கை கொடுத்து உட்கார வைத்தார், அப்படியே அள்ளி நாற்காலிக்கு மாற்றினார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. “அக்குள்ள பிடிக்குது மாஸ்டர்” என்பார், மாஸ்டர் அங்கே ஒரு சதுரத் துண்டு வைப்பார். “குனிஞ்சா முதுகு தூக்குது” என்பார், நான் பிரித்துத் தைப்பேன்.

மூன்றாம் நாள் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “குச்சி, நான் இவ்வளவு பலசாலின்னு எனக்கே தெரியாதுடி” என்றார். மூச்சு வாங்கவில்லை. இத்தனை வருஷமாக எது ரொம்ப ரொம்ப அதிகம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததோ, அது என்னைக் கீழே போடாமல் பத்திரமாக வைத்திருந்தது. நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இறங்க மனசில்லாமல் இருந்தேன். “எறங்குடி, மாஸ்டர் பாக்கறாரு” என்றார். மாஸ்டர் வழக்கம்போல டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து பெண்கள் போட்டுப் பார்க்க வந்தார்கள். நாலு பேர் கலகலவென்று மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்தாவது பெண் மட்டும் திரைக்குப் பின்னாலேயே இருந்தாள். அண்ணியைவிடப் பெரிய உடம்பு. “எனக்கு எதுவும் பத்தாதுங்க, நான் ஊக்கு போட்டுக்கறேன்” என்று உள்ளேயிருந்தே சொன்னாள். ஊக்கு குத்தியிருந்த சட்டை யாருடையது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணி இருப்பதிலேயே பெரிய அளவை எடுத்துத் திரைக்கு மேலே கொடுத்தார்.

வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். எல்லா பட்டனும் போட்டிருந்தாள். கையை மெல்லத் தூக்கினாள், அப்புறம் தலைக்கு மேலே தூக்கினாள். குனிந்து தரையைத் தொட்டாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்து, “இத யாரு மேல வச்சுங்க அளவெடுத்தீங்க?” என்று கேட்டாள்.

எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. அண்ணி முன்னால் வந்தார். “என்மேலதாம்மா” என்றார்.

அந்தப் பெண் அண்ணியைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். இந்தப் பார்வைக்குப் பயந்துதான் என் அண்ணி இத்தனை வருஷம் கறுப்புத் துணிக்குள்ளும் பிள்ளைகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருந்தார். இப்போது அசையாமல், கையைக்கூட வயிற்றின் குறுக்கே வைக்காமல், முழுசாக நின்று அவளைப் பார்க்க விட்டார். பார்த்து முடித்ததும் அவள் வந்து அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு விட முடியுதுங்க” என்றாள்.

“எனக்கும்தாம்மா” என்றார் அண்ணி.